இன்னும் ஒரு லோடு கல்

மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலாகச் சுற்றுவட்டாரத்துக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் இடம் புதுச்சேரியின் வைத்திக்குப்பம் கடற்கரை. கடற்கரை என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். ஒரு தலைமுறைக் காலமாக அங்கே ஊருக்கும் கடலுக்கும் நடுவில் பெரும்பாலும் கிடப்பது கருங்கல்தான். வலை உலர்த்தவும், படகை ஏற்றி வைக்கவும், கரைவலை இழுக்கவும், பிள்ளைகள் ஓடியாடவும் இருந்த மணல் போய்விட்டது. அது போன இடத்தில் கல் வந்தது. கொட்டிய கல் சில பருவங்களில் அமிழ்ந்து சரியும். மறுபடி டிப்பர் லாரி வரும், கல் கொட்டும். சரிந்தது நிமிரும், சுவர் இன்னும் கொஞ்சம் வடக்கே நீளும்.

இந்தக் கல்லை எடுத்துக்கொண்டு மனித மனத்தின் ஓர் அடிப்படைப் பழக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு வேலை பலன் தரவில்லை என்று கண்ணெதிரே தெரிந்த பிறகும் ஏன் அதையே தொடர்கிறோம்? தனிமனிதர் தொடர்வதற்காவது பிடிவாதம், ரோஷம் என்று காரணம் சொல்லலாம். நூறு பேர் படித்து, கணக்கெழுதி, கூடிப் பேசி முடிவெடுக்கும் அரசுத் துறைகளும் நிறுவனங்களும் ஏன் தொடர்கின்றன?

முதலில் மணல் எங்கே போனது என்று பார்த்துவிடுவோம். சோழமண்டலக் கரையில் அலைகள் கரைக்கு நேராக வந்து மோதுவதில்லை, சாய்வாக மோதுகின்றன. ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிவிட்டுப் போகிறது. ஏறத்தாழ மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை இந்தத் தள்ளல் வடக்கு நோக்கி இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால், ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே பயணம் செய்கிறது. கடற்கரை ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றினாலும் அதன் மணல் நடந்துகொண்டே இருக்கிறது. இன்று வைத்திக்குப்பத்தில் இருந்து போகும் மணலுக்கு ஈடாக நாளை தெற்கிலிருந்து மணல் வந்தாக வேண்டும்.

1986 முதல் 1989 வரையிலான ஆண்டுகளில், நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகம் கட்டப்பட்டது. கப்பல் பாதை தூர்ந்துபோகாமல் இருக்க, கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவர்கள் இரண்டு எழுப்பப்பட்டன. நடந்துவந்த மணல் தெற்குச் சுவரோடு நின்றுவிட்டது. வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரின் கடற்கரை தேய்ந்தது. பிறகு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வரிசையாகத் தேய்ந்தது.

இது யாருக்கும் தெரியாத அறிவியல் அல்ல. சென்னைத் துறைமுகம் 1870களில் கட்டத் தொடங்கப்பட்டபோதே இந்தப் பாடம் நடந்து முடிந்துவிட்டது. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் கரை அரிக்கப்பட்டது. ஆகவே நூறாண்டு கழித்துப் புதுச்சேரித் துறைமுகத்தை வடிவமைத்தவர்கள், தெற்கே தேங்கும் மணலை அள்ளி வடக்கே கொண்டு சேர்க்க வேண்டும் என்பதையும் திட்டத்தில் சேர்த்திருந்தார்கள். சுவர் எழும்பியது. மணலை மாற்றும் வேலை மட்டும் ஆண்டுதோறும் முறையாக நடக்கவில்லை. அந்த இடத்தில் கல் நுழைந்தது.

கல் என்ன செய்யும்? சரிவான மணற்பரப்பில் ஏறி ஏறி வலுவிழக்க வேண்டிய அலை, கற்குவியலில் மோதித் திரும்புகிறது. திரும்பும்போது சுவரின் அடியில் இருக்கும் மணலை அரித்துச் செல்கிறது. அடி பெயர்ந்த கல் புதைகிறது. சுவருக்குப் பின்னால் இருக்கும் வீடு அந்தப் பருவத்துக்குத் தப்பிவிடும். ஆனால் சுவர் முடியும் இடத்துக்கு அடுத்த நிலம் முன்னைவிட வேகமாகக் கரையும். அங்கேயும் வீடுகள் இருக்கின்றன, அவர்களும் கல் கேட்பார்கள். இப்படித்தான் மாநில எல்லையைக் கடந்து தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று அரிப்பும் கல்லும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. அங்கங்கே கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. தூண்டில் வளைவு தன் தெற்குப் பக்கத்தில் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதே அளவு மணலை வடக்குப் பக்கத்து ஊருக்கு இல்லாமல் செய்யும். சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், புதுச்சேரிக் கரையில் 57 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருந்தது. தமிழ்நாட்டுக்கு அந்த எண் 41.

இனி மனத்துக்கு வருவோம்.

1976இல் பாரி ஸ்டா என்ற அமெரிக்க உளவியலாளர் 240 வணிகவியல் மாணவர்களை அழைத்து ஒரு பாவனை நிறுவனத்தின் பணத்தை நிர்வகிக்கச் சொன்னார். நிறுவனத்துக்கு இரண்டு பிரிவுகள். ஆராய்ச்சிக்கான நிதியை அவற்றுள் எதற்குத் தருவது என்று ஒரு பகுதி மாணவர்கள் தாங்களே முடிவெடுத்தார்கள். மற்றவர்களுக்கு, அந்த முடிவை முன்பிருந்த அதிகாரி எடுத்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. சில ஆண்டுகளின் கணக்கு காட்டப்பட்டது. சிலருக்கு அந்தப் பிரிவு நன்றாக வளர்ந்திருந்தது, சிலருக்குப் படுத்திருந்தது. பிறகு 2 கோடி டாலர் புதிய நிதியை இரண்டு பிரிவுகளுக்கும் பங்கிட வேண்டும். எல்லோரையும்விட அதிகமாக, ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் டாலரை, பழைய பிரிவுக்கே கொட்டியவர்கள் யார்? தாங்களே அதைத் தேர்ந்தெடுத்து, அது தோற்றதையும் பார்த்தவர்கள். வேறொருவர் தேர்ந்தெடுத்துத் தோற்றிருந்தால் கொடுத்தது இதைவிடக் குறைவு. தானே தேர்ந்தெடுத்து வெற்றி கண்டவர்கள்கூடத் தோற்றவர்கள் அளவுக்குக் கொடுக்கவில்லை.

இந்த முடிவை நன்றாக உள்வாங்கிக்கொள்ள வேண்டும். தோல்வி மனிதனைப் பின்வாங்கச் செய்யும் என்றுதான் நாம் பொதுவாக நம்புகிறோம். முடிவெடுத்தவர் அவரே என்றால், தோல்வி அவரை இன்னும் ஆழமாக உள்ளே இழுக்கிறது. நிறுத்தினால் முதல் முடிவு தவறு என்று தன் வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடும். தொடர்ந்தால் அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பணம் போனது மட்டுமே ஒருவரைக் கட்டிப்போடும் என்பதற்கும் சோதனை உண்டு. ஹால் ஆர்க்ஸும் காதரின் புளூமரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வருகிறது. ரேடாரில் தெரியாத விமானம் ஒன்றை உருவாக்க 1 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறீர்கள், 90 விழுக்காடு வேலை முடிந்துவிட்டது. போட்டி நிறுவனம் உங்களுடையதைவிட வேகமான, மலிவான விமானத்தை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. மீதிப் பணத்தையும் போட்டு முடிப்பீர்களா? 85 விழுக்காட்டினர் முடிப்போம் என்றார்கள். இன்னொரு குழுவிடம், ஏற்கெனவே செலவழித்த கதையைச் சொல்லாமல், இப்படி ஒரு மட்டமான விமானத்துக்குப் பணம் போடலாமா என்று கேட்டபோது சரி என்றவர்கள் 17 விழுக்காடு. கையில் இருக்கும் தெரிவு இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான். மாறியது, திரும்ப வராத பழைய பணம் மட்டும்.

எலியிடமும் இது இருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2018இல் செய்த ஆய்வில் எலி, சுண்டெலி, மனிதர் மூன்று இனத்தையும் ஒரே மாதிரிக் காத்திருப்பு விளையாட்டில் விட்டார்கள். எலிகளுக்குப் பரிசு தீனி, மனிதர்களுக்குக் காணொளி. உள்ளே நுழைவதா வேண்டாமா என்று யோசிக்கும் நேரம் ஒரு பகுதி, நுழைந்த பிறகு பரிசுக்காகக் காத்திருக்கும் நேரம் இன்னொரு பகுதி. நுழைந்து காத்திருந்த நேரம் கூடக்கூட, எழுந்து போகும் எண்ணம் மூன்று இனத்திலும் குறைந்தது. ஆனால் நுழைவதற்கு முன் யோசித்த நேரம் எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் அது யாரையும் கட்டிப்போடவில்லை. முடிவுக்கு முந்திய ஆண்டுகள் நம்மைப் பிணைப்பதில்லை, முதல் கல் விழுந்த நாளிலிருந்துதான் பிணைப்பு தொடங்குகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

வைத்திக்குப்பத்து மீனவரிடம் இந்தச் சோதனைகளைக் காட்டி ‘பாருங்கள், நீங்கள் செய்வது மனப்பிழை’ என்று சொல்வது அநியாயம். அவர் நிலையில் இருப்பது வேறு கணக்கு. புயல் எச்சரிக்கை வந்துவிட்டது, அலை வாசற்படியைத் தொடுகிறது. ‘ரெண்டு லோடு கல்லாவது கொட்டுங்க சார்’ என்று கேட்பதைத் தவிர அவருக்கு என்ன வழி? மணல் மாற்றும் திட்டம் நடந்தால் சில ஆண்டுகளில் கரை திரும்பலாம். அதற்கு அரசு ஒவ்வோர் ஆண்டும் சொன்னதைச் செய்ய வேண்டும். கல் இந்த வாரமே வந்துவிடும், கண்ணுக்குத் தெரியும், கையால் தொடலாம்.

டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இந்த இடத்தில் உதவுவார்கள். 750 டாலர் நிச்சயமாக இழப்பதா, அல்லது 1,000 டாலர் இழக்க 75 விழுக்காடும் எதுவும் இழக்காமல் தப்ப 25 விழுக்காடும் வாய்ப்புள்ள சூதா என்று கேட்டார்கள். கணக்குப்படி இரண்டும் சமம். 87 விழுக்காட்டினர் சூதைத் தேர்ந்தெடுத்தார்கள். லாபம் முன்னால் இருக்கும்போது கையில் உள்ளதே போதும் என்பவர்கள்தான், நஷ்டம் முன்னால் நிற்கும்போது அதைத் தவிர்க்க எந்தச் சூதுக்கும் தயாராகிறார்கள். நிறுத்துவது என்றால் நஷ்டத்தை நிச்சயமாக்கிக்கொள்வது. தொடர்வதில் ஒரு சின்ன வாய்ப்பு மிச்சம் இருக்கிறது.

அந்தச் சின்ன வாய்ப்பு எப்போதாவது பலித்தும் விடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது புதுச்சேரியின் மையப் பகுதி தப்பியது. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து கட்டிப் பராமரிக்கப்பட்டுவந்த கடற்கரைச் சுவருக்கு அந்தப் புகழ் போய்ச் சேர்ந்தது. அது நியாயமான புகழ்தான். ஒரே ஒரு நாள் பெருவெள்ளத்தைத் தடுப்பதில் கல் வல்லது. ஆண்டு முழுதும் மணல் கசிந்து போவதை நிறுத்தத்தான் அதனால் முடியாது. ஆனால் மனம் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் பரிசு கிடைத்த பழக்கம், பரிசு நின்றதும் சீக்கிரம் விட்டுப்போகும். எப்போதாவது மட்டும் பரிசு கிடைத்த பழக்கம் லேசில் விட்டுப்போகாது. உளவியலாளர் லாயிட் ஹம்ப்ரீஸ் 1939இல் இதைச் சோதனையில் காட்டினார், பிறகு இன்னோர் உளவியலாளரான ஸ்கின்னரின் புறாக்கள் நூறு விதமாகக் காட்டின. பத்துப் பருவங்களில் ஒன்பதில் சரிந்து, ஒன்றில் ஊரைக் காப்பாற்றிய கல்லைக் கைவிடுவது எல்லாவற்றையும்விடக் கடினம்.

மக்கள் பக்கத்தில் அச்சமும் அவசரமும் இருக்கின்றன. அரசுப் பக்கத்தில் என்ன இருக்கிறது? என் பார்வையில் இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். கல் கொட்டுவதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று எந்த மேசையிலும் ஒருவரும் முடிவெடுப்பதே இல்லை. அந்தக் கேள்வி கோப்பில் வருவதற்கு இடமே கிடையாது. கோப்பில் வருவது: இந்த இடத்தில் இத்தனை மீட்டர் நீளம் சேதம், இத்தனை டன் கல், இவ்வளவு மதிப்பீடு, அனுமதி தரலாமா? அந்தக் கேள்விக்குச் சரி என்பதுதான் பொறுப்பான பதில். எதிரே வீடு இடிந்துகொண்டிருக்கிறதே! அனுமதி தரும் அதிகாரி துறைமுகத்தைக் கட்டியவர் அல்லர். மணலை மாற்ற வேண்டிய துறை வேறு, கரையைக் காக்க வேண்டிய துறை வேறு. எல்லைக்கு அப்பால் கோட்டக்குப்பத்தில் நடப்பது வேறு மாநிலத்தின் கணக்கு. ஒவ்வொருவரும் தன் முன்னால் வந்த கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்ல, எல்லாப் பதில்களும் சேர்ந்து யாருமே தேர்ந்தெடுக்காத ஒரு கரையை உண்டாக்கிவிடுகின்றன.

ஸ்டாவின் சோதனையில் பொறுப்பு ஒரே ஆள் மேல் விழுந்தது, அதனால் அவர் தொடர்ந்தார். இங்கே பொறுப்பு யார் மேலும் விழவில்லை, அதனாலும் தொடர்கிறது. இரண்டு நோய்க்கும் அறிகுறி ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது. முதல் வகைக்கு ஆளை மாற்றுவது பலன் தரும். கலிபோர்னியாவில் 132 வங்கிகளை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், மேலதிகாரிகள் மாறிய வங்கிகளில் வராக்கடனை வராக்கடன் என்று ஒப்புக்கொண்டு ஒதுக்குவது கூடியது. கடன் கொடுத்தவரே நாற்காலியில் இருக்கும்வரை, அது இன்னும் வந்துவிடும் கடன்தான். இரண்டாம் வகையில் எத்தனை அதிகாரிகள் மாறினாலும் கோப்பின் படிவம் மாறாதவரை எதுவும் மாறாது.

நிறுத்தத் தெரிந்த ஒருவரைப் பற்றியும் புதுச்சேரிக்குத் தெரியும். 1954 ஜூனில் பிரான்சின் பிரதமரானவர் பியர் மெண்டெஸ் பிரான்ஸ். அதற்கு முந்தைய மாதம்தான் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை வியட்நாமியரிடம் வீழ்ந்திருந்தது. எட்டாண்டுப் போர், ஏராளமான உயிர், ஏராளமான பணம். அடுத்தடுத்து வந்த பிரெஞ்சு அரசுகள் எல்லாம், இவ்வளவு இழந்த பிறகு எப்படி விடுவது என்றே தொடர்ந்திருந்தன. மெண்டெஸ் பிரான்ஸ் பதவியேற்கும்போதே ஒரு தேதியைச் சொன்னார்: ஜூலை 20க்குள் இந்தோசீனாவில் போர்நிறுத்தம் வராவிட்டால் பதவி விலகுவேன். ஜெனீவாவில் அந்தக் கெடுவை ஒட்டி உடன்பாடு வந்தது.

அதே ஆண்டு, இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி. வ. சுப்பையா போன்ற விடுதலைப் போராட்டத் தலைவர்களின் நெடிய போராட்டம், இந்திய அரசு போட்ட பொருளாதார நெருக்கடி, அதுவரை பிரெஞ்சுப் பக்கம் நின்ற உள்ளூர் அரசியல் தலைவர் எதுவார் குபேர் 1954இல் மாறியது எல்லாம் சேர்ந்து நிலைமையை முற்ற வைத்திருந்தன. அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. போர் இல்லாமலே, இருநூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட பிணைப்பைப் பிரான்ஸ் விட்டுக்கொடுத்தது.

அந்த 1954 நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. அதே பிரதமர், அதே மாதம், நாடாளுமன்றத்தில் அல்ஜீரியா பிரெஞ்சுக் குடியரசின் பிரிக்க முடியாத பகுதி என்று அறிவித்தார். போர் ஏழரை ஆண்டு நடந்தது. நான்காம் குடியரசே அதில் கவிழ்ந்தது. தன் தலைவிதியை அல்ஜீரியாவே தீர்மானிக்கலாம் என்று 1959 செப்டம்பரில் அதிபர் ஷார்ல் த கோல் சொல்லும்வரை, பிரான்சில் ஆட்சிக்கு வந்தவர்கள் அந்தக் கேள்வியையே வாய்விட்டுக் கேட்கவில்லை. புதுச்சேரியைச் சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956இலேயே கையெழுத்தானது. அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்றது 1962 ஜூலையில், அல்ஜீரியா விடுதலையான அதே மாதத்தில். நம்மூரில் ஆகஸ்ட் 16ஐச் சட்டப்படி இணைந்த நாளாகக் கொண்டாடுவதற்கான காரணம் ஒரு வகையில் அல்ஜியர்ஸில் இருக்கிறது. ஓரிடத்தில் விட்டது இன்னோரிடத்துக்கு முன்னுதாரணமாகிவிடும் என்ற அச்சம், முடிந்துபோன காரியத்தையும் எட்டாண்டு கிடப்பில் வைத்தது.

ஒரே மனிதர், ஒரே மாதம், ஓரிடத்தில் விடுகிறார், ஓரிடத்தில் பிடிக்கிறார். ஆகவே விடுவதும் பிடிப்பதும் குணத்தைப் பொறுத்ததல்ல என்று துணிந்து சொல்லலாம். அல்ஜீரியாவில் ஏறத்தாழ பத்து லட்சம் ஐரோப்பியர் குடியிருந்தார்கள். அவர்களுக்கு எந்த வழியும் காட்டாமல் விலக முடியாது. புதுச்சேரியில் மூன்று விஷயங்கள் இருந்தன. கேள்வி வெளிப்படையாகக் கேட்கப்பட்டது, வாக்கெடுப்பே நடந்தது. அதற்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. விலகுகிறவருக்கு மரியாதையான வாசல் இருந்தது. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கலாம், பிரெஞ்சு மொழியும் பள்ளியும் தொடரும், இந்தப் பண்பாட்டைக் காப்போம் என்று இந்தியா ஏற்றுக்கொண்டது. பிரான்ஸ் தோற்று ஓடியதாக யாரும் எழுத வேண்டியிருக்கவில்லை.

உளவியல் ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. இதமார் சைமன்சனும் ஸ்டாவும் 1992இல், தோற்கும் முயற்சியிலிருந்து ஆட்களை வெளியே கொண்டுவர என்னென்ன உதவும் என்று சோதித்தார்கள். இந்த அளவை எட்டாவிட்டால் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே குறைந்தபட்ச இலக்கை எழுதி வைப்பது உதவியது. தோல்வி உன் திறமைக் குறைவாகக் கருதப்படாது என்று உறுதி சொல்வதும் உதவியது.

இதே வைத்திக்குப்பச் சிக்கலை ஏறத்தாழ இதே அச்சில் அனுபவித்த இன்னொரு ஊர் உண்டு. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆறு கடலில் சேரும் இடம் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து என்ற இரு மாநிலங்களின் எல்லையை ஒட்டியது. அங்கேயும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடக்கிறது, ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். 1960களின் முற்பாதியில் தெற்கு மாநிலம் முகத்துவாரச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டியது. வடக்கு மாநிலத்தின் கடற்கரைகள் கரைந்தன. 1972இல் கிர்ரா முனையில் தூண்டில் வளைவு கட்டினார்கள், அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்தது. கல்லும் கொட்டினார்கள். இதுவரை கதை நமக்கு மனப்பாடம். பிறகு இரு மாநிலங்களும் உட்கார்ந்து பேசி, 1990களில் சட்டம் இயற்றிச் செலவைப் பங்கிட்டுக்கொண்டன. 2001இலிருந்து ஆற்றுக்குத் தெற்கே ஒரு பாலத்தின் கீழ் பொருத்திய பம்புகள் மணலை உறிஞ்சி, ஆற்றின் அடியில் போகும் குழாய் வழியே வடக்குக் கரையில் கொட்டுகின்றன. குயின்ஸ்லாந்தின் கோல்டு கோஸ்ட் நகரில் இதைவிட முன்னதாக, துறைமுக வாயைக் கட்டும்போதே மணல் பம்புகளையும் சேர்த்துக் கட்டி 1986இல் இயக்கத் தொடங்கிவிட்டார்கள். புதுச்சேரித் துறைமுகத்துக்கு வேலை தொடங்கிய அதே ஆண்டு.

ட்வீட் கதையில் என்னைக் கவர்வது பம்பு அல்ல. முன்பு மணல் மாற்றுவது ஒரு நல்ல யோசனையாக மட்டும் இருந்தது. சட்டம் வந்த பிறகு, இந்த ஆண்டு எத்தனை கன மீட்டர் மணல் வடக்கே போனது என்பது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியாகிவிட்டது.

புதுச்சேரியிலும் யாரும் சும்மா இருக்கவில்லை. பாண்டிகேன் என்ற குடிமக்கள் அமைப்பு பல ஆண்டுகளாக மணலின் கதையை ஊருக்கும் நீதிமன்றத்துக்கும் சொல்லி வந்திருக்கிறது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் 2018இல் தலைமைச் செயலகம் அருகே கடலுக்கடியில் ஆப்பு வடிவ செயற்கைத் திட்டு ஒன்று இறக்கப்பட்டது. கற்சுவர் மட்டுமே இருந்த இடத்தில் மணல் படிந்து கரை வந்தது, முப்பது ஆண்டாக மணலைப் பார்க்காத சாலையில் பிள்ளைகள் இறங்கி நின்றார்கள். கரை திரும்பும் என்று ஊர் கண்ணால் கண்ட நாள் அது. அதே சமயம், இங்கே தங்கும் மணலும் வடக்கே போக வேண்டிய மணல்தான். துறைமுக வாயில் மணல் மாறாமல் திட்டை மட்டும் நம்பினால் வைத்திக்குப்பத்துக்கும் கோட்டக்குப்பத்துக்கும் என்ன மிஞ்சும் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

நாளையே கல்லை நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. இருக்கும் கல்லை எடுத்தால் அடுத்த புயலில் குடிசைகள் கடலுக்குள் இருக்கும். முதலில் மணல் வர வேண்டும். வந்த பிறகே கல் தேவையற்றதாகும். நெடுநாள் தொடர்ந்த தவறு, நிறுத்துவதையும் உண்மையிலேயே செலவுள்ளதாக மாற்றிவிடுகிறது. புதுச்சேரியில் 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. பஞ்சாலையை 1980களில் அரசு எடுத்துக்கொண்டு, 2011 டிசம்பரின் தானே புயல் அடித்துப்போட்ட பிறகும் லே-ஆஃப் சம்பளம் கொடுத்து 2020இல் மூடியதிலும் இதைப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு அதில் இருந்தது. மூடியிருக்க வேண்டும் என்று இன்று கணக்குப் போடுபவர்கள், அந்தத் தொழிலாளிக்கு வேறென்ன வழி வைத்திருந்தோம் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.

கல்லுக்கு அனுமதி கேட்டு அடுத்த முறை போகும் கோப்பில் மூன்று வரி கூடுதலாக இருக்க வேண்டும் என்று கேட்பேன். சென்ற ஆண்டு துறைமுகத்தின் தெற்கிலிருந்து வடக்கே மாற்றிய மணல் எவ்வளவு? இந்தக் கல் கொட்டிய பிறகு, அதன் வடக்கு முனைக்கு அடுத்த ஊரில் கரை எத்தனை மீட்டர் பின்வாங்கினால் இந்த வழியை நிறுத்துவோம்? அதை எந்தத் தேதியில், யார் அளப்பார்? அளக்கும் ஆட்களும் கருவிகளும் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கின்றன, முப்பது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களும் இருக்கின்றன. அந்த வரிகளுக்கு வைத்திக்குப்பம், சோலை நகர், கோட்டக்குப்பம் பஞ்சாயத்தார் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கோட்டக்குப்பம் வேறு மாநிலம் என்பதால் அந்தக் கையெழுத்துக்குத்தான் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும்.